மின்சாரக் காருக்கு வீட்டுக் கூரையில் எத்தனை கிலோவாட் சோலார் வேண்டும்?

பருத்தித்துறையில் வீடு, யாழ்ப்பாண நகரத்தில் வேலை. 40 கிலோவாட்-மணி பற்றரி உள்ள, பாவித்த நிசான் லீஃப் ஒன்று வாங்கப் போகிறீர்கள். வீட்டுக்கு மாதம் 180 யூனிட் (ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட்-மணி) அளவில் கரண்ட் போகிறது. சோலாருக்கு விலை சொல்ல வந்தவர், கார் இருந்தால் 10 கிலோவாட் இல்லாமல் சரிவராது என்கிறார். காசு அனுப்பப் போகும் கனடா அண்ணா, ஐந்து போதாதா என்று கேட்கிறார். ஐந்தா பத்தா என்பதுதான் நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் அதன் கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: கார் பகல் முழுக்க வேலைத்தலத்தில் நிற்கும், வெயில் இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு வரும், அப்படியென்றால் கூரையில் விளையும் கரண்ட் காருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதைத் தீர்த்துக்கொள்ளாமல் ஐந்தா பத்தா என்று பேசிப் பயனில்லை. மின் பொறியியல் படித்து, குடாநாட்டுக் கூரைகளில் பல வருடமாகச் சோலார் வேலை செய்து வருபவன் என்ற முறையில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் ஓட்டத்துக்கு 5 கிலோவாட் போதும். ஏன் போதும், எந்த நிலைமையில் போதாமல் போகும் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு கிலோவாட் பனல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். காரின் பற்றரி 40 யூனிட் கொள்ளும். நாற்பதை நாலால் பிரித்தால் பத்து. கணக்கு சரி, ஆனால் அது ஒவ்வொரு நாளும் பற்றரியை அடியோடு காலி செய்து, ஒவ்வொரு நாளும் முழுதாக நிரப்புகிறவருக்கான கணக்கு. அப்படிச் செய்ய வேண்டுமென்றால் நீங்கள் தினமும் 250 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். விலை சொன்னவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பற்றரியின் அளவைப் பார்த்துப் பனல் எண்ணுவது இந்தத் தொழிலில் பலருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது. பற்றரி என்பது எவ்வளவு சேமிக்கலாம் என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு செலவாகிறது என்பதைச் சொல்வது நீங்கள் ஓடும் தூரம்தான். 60 கிலோவாட்-மணி பற்றரி உள்ள புதுக் கார் வாங்கினாலும், அதே தூரம் ஓடினால் தேவைப்படும் பனல் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

ஆகவே தூரத்திலிருந்து தொடங்குவோம். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 33 கிலோமீற்றர், போய்வர 66. மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 1450 கிலோமீற்றர். கோயில், சொந்தக்காரர் வீடு, நெல்லியடிச் சந்தை என்று இன்னொரு 150 சேர்த்து மாதம் 1600 என்று வைத்துக்கொள்கிறேன். லீஃப் அளவுள்ள கார் ஒன்று எங்கள் சமதரை வீதிகளில், ஏசி போட்டபடி, 50, 60 வேகத்தில் ஓடும்போது 100 கிலோமீற்றருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும். இது பற்றரியிலிருந்து எடுப்பது. சுவரிலிருந்து பற்றரிக்குப் போகும் வழியில் பத்து முதல் பதினைந்து வீதம் சூடாகி வீணாகும், அதையும் மீற்றர் எண்ணும். எனவே 100 கிலோமீற்றருக்கு 17 யூனிட் என்று எடுங்கள். 1600 கிலோமீற்றருக்கு 272 யூனிட். இதே தூரத்தை லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காரில் ஓடினால் மாதம் 120 லீற்றருக்கு மேல் வேண்டும். 2022இல் கியூஆர் குறியீட்டோடு பெற்றோல் வரிசையில் நின்ற எவருக்கும் அந்த 120 லீற்றரின் பாரம் விளங்கும்.

வீட்டுக்கு 180, காருக்கு 272, மொத்தம் மாதம் 452 யூனிட். இப்போது கூரைப் பக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு கிலோவாட் பனல் வருடச் சராசரியில் மாதம் 115 யூனிட் அளவில் தரும். நிழலில்லாத, ஒழுங்காகப் பூட்டிய கூரையில் இதை நம்பிக் கணக்குப் போடலாம். ஆனால் சராசரி என்பது மாதத்துக்கு மாதம் ஒன்றாக இருக்காது. மாசி, பங்குனியில் வானம் தெளிந்து, காற்றும் இருந்தால் இன்னும் கூடத் தரும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்னிலங்கையில் மழை கொட்டும்போது இங்கே காய்ந்து கிடக்கும், அந்தக் காற்று பனலின் சூட்டையும் தணிக்கும். எங்களுக்கு இழப்பு வருவது வாடையோடு வரும் மாரியில். வருடத்து மழையின் பெரும் பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் பெய்து முடிகிற ஊர் இது. கார்த்திகை, மார்கழியில் ஒரு கிலோவாட் நாளுக்கு 3 யூனிட்டை ஒட்டித்தான் தரும், தொடர்ந்து மப்பாக இருந்தால் அதுவும் இராது.

452ஐ 115ஆல் பிரித்தால் 3.9 கிலோவாட். இதை அப்படியே போட்டால் வருடச் சராசரிக்குச் சரியாக இருக்கும், ஆனால் இடைவெளி ஒன்றும் இருக்காது. பனல் வருடத்துக்கு அரை வீதம் அளவில் திறன் இழக்கும், தூசு படியும், கார் வந்த பிறகு ஓட்டமும் கூடும். இருபது, இருபத்தைந்து வீதம் கூட்டினால் 5 கிலோவாட்டில் வந்து நிற்கும். 550 வாட் பனல் ஒன்பது. அது சராசரி மாதத்தில் 575 யூனிட் அளவில் தரும். மாரி மாதத்தில் 450 தரும், அதாவது வருடத்தின் ஆகக் கெட்ட காலத்திலும் உங்கள் தேவையை ஒட்டி வரும். 10 கிலோவாட் போட்டால் மாதம் 1150 யூனிட். 700 யூனிட் மிஞ்சும். அதை விற்கத்தான் வேண்டும். அது காருக்கான சோலார் அல்ல, கரண்ட் விற்கும் தொழில். அந்தத் தொழிலைத் தெரிந்துகொண்டு செய்கிறவர் செய்யட்டும், ஆனால் காரின் பெயரில் அதற்குள் இழுத்துவிடக்கூடாது. உங்கள் இணைப்பும் பெரும்பாலும் 30 அம்பியர் ஒற்றைக் கட்டமாக (சிங்கிள் ஃபேஸ்) இருக்கும். 230 வோல்ற்றில் அது 6.9 கிலோவாட்தான் தாங்கும். பத்துக்குப் போனால் மூன்று கட்ட இணைப்பு எடுக்கும் செலவும் சேரும், விலைச்சீட்டில் அது பெரும்பாலும் இருக்காது.

இனி இரவுக் கேள்வி. உங்கள் கூரையில் பகலில் வருவதில் வீட்டுக்குத் தேவையானது போக மிச்சம் மின்சார சபையின் லைனுக்குப் போகும். இரவில் கார் சார்ஜ் ஆகும்போது லைனிலிருந்து எடுப்பீர்கள். பகலில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி கொடுத்து இரவில் ஒரு கொத்து திருப்பி வாங்குவது மாதிரி. ஆனால் கொத்துக்குக் கொத்து கிடைக்குமா, அல்லது கொடுக்கும்போது ஒரு விலையும் வாங்கும்போது வேறு விலையுமா என்பது நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 2016இல் கூரைச் சோலாருக்கான சூரிய பல சங்கிராமய திட்டம் வந்தபோது மூன்று முறைகள் வைத்தார்கள். நெற் மீற்றரிங் முறையில் யூனிட்டுக்கு யூனிட் கழியும், மிஞ்சும் யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும், காசு வராது. நெற் அக்கவுண்டிங் முறையிலும் யூனிட்டுக்கு யூனிட்தான் கழியும், மிஞ்சினால் அதற்கு ரூபாவில் தருவார்கள். நெற் பிளஸ் முறையில் கூரையில் வருவது எல்லாமே விற்பனை, வீட்டில் செலவாவது எல்லாமே வழமையான பில். முதல் இரண்டில் நீங்கள் காரை நடுப்பகலில் சார்ஜ் செய்தாலும் நடுச்சாமத்தில் சார்ஜ் செய்தாலும் பில்லில் வித்தியாசம் வராது. மூன்றாவதில் நிலைமை வேறு. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும், 180 யூனிட்டுக்கு மேல் போனால் ஆகக் கூடிய படி. நீங்கள் ஏற்கெனவே அந்த 180இல் நிற்கிறீர்கள். நெற் பிளஸ் எடுத்தால் காரின் 272 யூனிட்டும் முழுக்க அந்த உச்சப் படியில்தான் விழும். கூரை நிறையப் பனல் இருந்தும் மாதம் பெரிய பில் வருகிறதே என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் எந்த முறையில் கையெழுத்திட்டோம் என்பதையே அறியாதவர்கள். உங்களுக்கு யூனிட் கழியும் முறைதான் பொருந்தும். இந்த ஒன்றை எழுத்தில் உறுதி செய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

மிச்ச யூனிட்டுக்கு என்ன விலை என்பதில் நான் எந்த உறுதியும் தரமாட்டேன், வேறு எவர் தந்தாலும் நம்பாதீர்கள். 2016இல் முதல் ஏழு வருடத்துக்கு 22 ரூபா, பின் பதின்மூன்று வருடத்துக்கு 15 ரூபா 50 சதம் என்று இருபது வருட ஒப்பந்தமாகத் தொடங்கியது. அதற்குப் பிறகு புதிதாகச் சேர்கிறவர்களுக்கான விலை ஏறியும் இறங்கியும் பல தடவை மாறிவிட்டது. கையெழுத்திடும் நாளில் உள்ள விலைதான் உங்கள் விலை. “நாலு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும்” என்று காட்டும் அட்டவணை ஒவ்வொன்றும் இந்த விலையில்தான் தொங்குகிறது. 5 கிலோவாட்டோடு நிற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் சொந்தப் பாவனையை ஈடுசெய்யும் யூனிட், நீங்கள் கட்டவேண்டியிருந்த உச்சப் படிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறது. அதன் பெறுமதி விற்கும் யூனிட்டின் பெறுமதியைப் போல ஒரு அறிவித்தலோடு சரிந்துவிடாது.

பகலில் சார்ஜ் செய்ய முடிந்தால் செய்வது நல்லது என்றும் சொல்வேன், பில்லுக்காக அல்ல. வடமராட்சியின் நீண்ட ஒழுங்கைகளில் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், ஞாயிறு மத்தியானத்தில் அயலில் உள்ள சோலார் எல்லாம் ஒரே நேரத்தில் லைனுக்குள் தள்ளும்போது வோல்ற்றேஜ் 230ஐத் தாண்டி ஏறும். ஒரு எல்லைக்கு மேல் போனால், பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நல்ல வெயில், பனல் சுத்தம், ஆனால் உற்பத்தி பூச்சியம். அந்த நேரத்தில் வீட்டில் கார் நின்று 2 கிலோவாட் எடுத்தால் வோல்ற்றேஜ் அடங்கும், இன்வேட்டரும் ஓடும். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்னர், உங்கள் ட்ரான்ஸ்ஃபோமரில் சோலார் சேர்க்க இன்னும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் நிரம்பிவிட்டது. உங்கள் வீட்டு வோல்ற்றேஜை மத்தியானம் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சில நாட்கள் அளந்து எழுதியும் வையுங்கள். வயர்மன் எவரும் ஐந்து நிமிடத்தில் அளந்து தருவார்.

சனி, ஞாயிறு கார் வீட்டில் நிற்கும் நாட்களில் காலை 9 முதல் பிற்பகல் 3 வரை 10 அம்பியரில் போட்டால் ஆறு மணித்தியாலத்தில் 14 யூனிட் அளவில் ஏறும், அது 80 கிலோமீற்றர் ஓட்டம். இரண்டு நாளும் செய்தால் வார ஓட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானதை நேரடி வெயிலிலேயே ஓடிவிடலாம். வெயிலின் அளவுக்கு ஏற்றபடி தானே கூட்டிக் குறைக்கும் சார்ஜர்களும் இருக்கின்றன. ஆனால் காரின் சார்ஜ் முறை 6 அம்பியருக்குக் கீழே இறங்காது, அதாவது 1.4 கிலோவாட்டுக்குக் கீழே போகாது. மப்பு நாளில் அது நிற்பதும் தொடங்குவதுமாக இருக்கும். தவிர, மிகக் குறைந்த அம்பியரில் மணிக்கணக்காகச் சார்ஜ் செய்தால் காரின் உள்ளே இருக்கும் எலக்ட்ரோனிக்ஸ் விழித்திருக்கும் நேரம் கூடி, வீணாகும் வீதமும் கூடும். உங்கள் ஒப்பந்தம் யூனிட் கழியும் முறையென்றால் இப்படியான சார்ஜருக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. வேலைத்தலத்தில் பகலில் ஒரு பிளக் பொயின்ற் தருவார்களா என்று கேட்டுப் பார்ப்பது அதைவிடப் பிரயோசனம்.

வேலை நாட்களில் இரவுச் சார்ஜ்தான். 66 கிலோமீற்றருக்குச் சுவரிலிருந்து 11 யூனிட் கொஞ்சம் கூட வேண்டும். 10 அம்பியரில் ஐந்து மணித்தியாலம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் கரண்ட் பாவனை உச்சத்தில் இருக்கும், லைன் கடைசியில் வோல்ற்றேஜும் விழும். லீஃபில் நேரம் வைத்துச் சார்ஜ் செய்யும் வசதி இருக்கிறது, 10.30க்குப் பின் தொடங்கும்படி வைத்துவிட்டுப் படுங்கள், விடியற்காலை 4 மணிக்கு முன்பே முடிந்துவிடும். 7 கிலோவாட் சார்ஜர் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது 32 அம்பியர் எடுக்கும், உங்கள் இணைப்போ 30. கார் சார்ஜில் இருக்கும்போது தண்ணீர் மோட்டரையும் போட்டால் முழு வீடும் இருட்டு. ஆகக் கூடியது 16 அம்பியர், 3.6 கிலோவாட். அதுவே தாராளம்.

இனி கரண்ட் நின்றால் என்ன ஆகும் என்பது. கூரையில் பனல் இருந்தால் லைன் கரண்ட் போனாலும் வீட்டில் இருக்கும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். சாதாரண இன்வேட்டர், லைன் கரண்ட் போன மறுகணமே நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கான பாதுகாப்பு அது, அதை ஏமாற்ற வழி கேட்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது, அப்படியான சோலார் வீடுகளும் மற்ற வீடுகளோடு சேர்ந்து இருட்டில்தான் இருந்தன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் நல்ல வெயில் நேரத்தில் இருட்டாக்கியது. ஞாயிறு பகலில் பாவனை குறைவு, சோலார் அதிகம், சிறு அதிர்ச்சியையும் தாங்க முடியாத நிலையில் மின்தொகுதி இருந்தது என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களில், கூரைச் சோலார்களைப் பிற்பகல் 3 மணிவரை தாமாகவே நிறுத்தி வைக்கும்படி கேட்டார்கள். இனியும் இப்படியான நாட்கள் வரலாம் என்றே எண்ணித் திட்டமிடுங்கள். வருடத்தில் ஒரு சில நாள் உற்பத்தி இழப்பதால் 5 கிலோவாட் கணக்குப் பிழைக்காது. பத்துப் போட்டு விற்பனையை நம்பியிருப்பவருக்குத்தான் அது வலிக்கும்.

கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வேட்டரும் லித்தியம் பற்றரியும் வேண்டும். இங்கே ஒரு கோட்டைக் கீறிக்கொள்ளுங்கள்: அந்தப் பற்றரி விளக்கு, ஃபான், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டருக்கு. காருக்கு அல்ல. காரின் ஒருநாள் ஓட்டத்தை மட்டும் வீட்டுப் பற்றரியில் சேமித்து இரவில் காருக்கு மாற்ற வேண்டுமென்றால், இரண்டு தடவை ஏற்றி இறக்கும் இழப்போடு 12, 13 யூனிட் வேண்டும், 5 கிலோவாட்-மணிப் பற்றரி மூன்று. காரில் ஏற்கெனவே அதைவிடப் பெரிய பற்றரி இருக்கிறது. அதில் இரண்டு நாள் ஓட்டத்துக்கான சார்ஜ் வைத்திருந்தால் சாதாரண மின்தடை எதுவும் உங்கள் பயணத்தை நிறுத்தாது. தொண்ணூறுகளில் இரவில் வானொலிச் செய்தி கேட்பதற்காக சைக்கிள் டைனமோவைச் சுற்றிய ஊர் இது. கரண்ட் இல்லாத காலத்தைப் பற்றிய பயம் எங்களுக்கு நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தப் பயத்துக்கு ஒரு 5 கிலோவாட்-மணிப் பற்றரி நல்ல பதில். மூன்று வாங்குவது வீண். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவில் இருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுக்க வேண்டாம். அவை தேசிய மின்தொகுதியோடு இணையாத தீவுகள், அங்கே கணக்கே வேறு.

ஹைபிரிட் போடுகிறவர்களுக்கு ஒரு நுட்பம். கரண்ட் போனதும் இன்வேட்டரின் பேக்கப் அவுட்புட்டில், அதாவது லைன் இல்லாதபோது வீட்டுக்குக் கரண்ட் தரும் பக்கத்தில், காரைக் கொழுவினால், பல கார்கள் எர்த் பிழை என்று காட்டிச் சார்ஜ் ஏற மறுக்கும். அந்த நேரத்தில் நியூற்றல் நிலத்தோடு இணையாமல் மிதப்பதுதான் காரணம். காரில் பழுது இல்லை. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் இன்வேட்டரின் அமைப்பைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், வயரை எங்காவது முறுக்கிவிடும் வேலை அல்ல.

எர்த் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலைச்சீட்டுகளில் ஆக அலட்சியமாக விடப்படுவது அதுதான். எங்கள் வீடுகளுக்கு எர்த் லைனோடு வருவதில்லை, ஒவ்வொரு வீட்டிலும் நிலத்தில் அடிக்கும் கம்பிதான் எர்த். குடாநாடோ சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. பல வளவுகளில் இரண்டடி போவதற்குள் கல் தட்டும், கம்பியை வெட்டிவிட்டு “எர்த் அடித்தாயிற்று” என்று போய்விடுவார்கள். மாரியில் ஈரம் இருக்கும்போது அது வேலை செய்யும், ஆடியில் காய்ந்த நிலத்தில் செய்யாது. கோடையில், காய்ந்திருக்கும்போது எர்த்தின் தடையை மீற்றர் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். போதாவிட்டால் கிணற்றடிப் பக்கமாக, ஈரமான இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட கம்பி அடித்து இணைக்க வேண்டும். கார்ச் சார்ஜருக்குத் தனி டிரிப் சுவிச், 30 மில்லி அம்பியர், நேரோட்ட (டிசி) கசிவையும் கண்டுபிடிக்கும் வகையாக இருக்க வேண்டும். பழைய சாதாரண டிரிப் சுவிச் நேரோட்டக் கசிவில் குருடாகிவிடும், பிறகு குளியலறை ஹீற்றரில் கசிவு வந்தாலும் விழாது.

சுவரில் இருக்கும் 13 அம்பியர் பிளக்கில் கொழுவி இரவு முழுக்க விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அயன்பொக்ஸ் பத்து நிமிடம் எடுப்பதும் கார் ஐந்து மணித்தியாலம் எடுப்பதும் ஒன்றல்ல. பிளக் உருகிக் கருகிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிரதான போர்ட்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீற்றர் வயர், தனி பிரேக்கர், 16 அம்பியர் தொழிற்சாலைப் பிளக், அதாவது அந்த நீல நிறத்து வட்டப் பிளக். சோலாரோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சொற்பம். ஜப்பானிலிருந்து காரோடு வரும் கேபிள் 200 வோல்ற்றுக்கெனச் செய்தது. அதற்கு மாற்றுப் பிளக் வைத்துப் பாவிக்காமல் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று அச்சிட்ட கேபிள் ஒன்றை வாங்குங்கள்.

கூரை. உங்களுடையது ஓட்டு வீடு, தெற்கும் வடக்கும் பார்த்த கூரை, மேற்கே இரண்டு பனையும் ஒரு மாமரமும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பனலுக்குச் சுமார் 24 சதுர மீற்றர் வேண்டும், 250 கிலோவுக்கு மேல் பாரம் வரும். பழைய வீட்டின் பனஞ்சலாகை வைரமாக இருந்தால் தாங்கும், கறையான் தின்றிருந்தால் தாங்காது. ஓட்டைக் கழற்றி உள்ளே பார்க்காமல் பூட்ட விடாதீர்கள். பாரத்தைவிடப் பயப்பட வேண்டியது காற்று. கார்த்திகைப் புயல் பனலை மேலே தூக்கும், ஆகவே தாங்கிகள் ஓட்டிலோ ரீப்பையிலோ அல்லாமல் சலாகையிலேயே பிடித்திருக்க வேண்டும். கடற்கரைக்குக் கிட்ட என்பதால் சாதாரண இரும்பு ஆணி, நட் எல்லாம் சில வருடங்களில் உப்பில் உதிர்ந்துவிடும். அலுமினியச் சட்டமும் துருவேறா எஃகு நட்டும் என்று எழுதி வாங்குங்கள்.

கனடாவில் பனலை நிமிர்த்திப் பூட்டுவார்கள், அண்ணா பார்த்தது அதுவாக இருக்கும். யாழ்ப்பாணம் வடக்கு 9.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும், அந்த இரண்டுக்கும் இடையில் சூரியன் எங்களுக்கு வடக்கே போய்விடும். எனவே தெற்கே பார்த்து 10 பாகைச் சரிவு போதும், அந்தச் சரிவும் முக்கியமாக மழைநீர் வழிந்து தூசைக் கழுவுவதற்குத்தான். வடக்குக் கூரையில் சில பனல் போக நேர்ந்தாலும், சரிவு குறைவென்றால் இழப்புப் பெரிதாக இராது. ஓட்டுக் கூரை கூடச் சரிந்தது என்பதால் உங்கள் வீட்டில் அதைத் தவிர்க்கலாம். நிழல்தான் பெரிய எதிரி. பனையின் நிழல் மெல்லியதுதானே என்று விடாதீர்கள். பனல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் முழு வரிசையையும் பாதிக்கும். உங்கள் மரங்கள் மேற்கே என்பதால் பிற்பகல் 2 மணிக்குப் பின் வரும் நிழலைப் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போதும் ஆனியில் வடக்கே போயிருக்கும்போதும் நிழல் ஒரே இடத்தில் விழாது, இரண்டையும் கணித்துத் தரச் சொல்லுங்கள். மாமரத்தின் கிளையை வெட்டலாம். பனையைத் தறிக்காதீர்கள், அனுமதி இல்லாமல் தறிக்கச் சட்டமும் இடந்தராது. நிழல் விழும் பனல்களுக்கு மட்டும் ஒப்டிமைசர் (ஒரு பனலின் நிழல் மற்றவற்றைப் பாதிக்காமல் பார்க்கும் கருவி) போடலாம், அல்லது அவற்றைத் தனி வரிசையாகப் பிரிக்கலாம்.

பனல் கழுவும்போது கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காய விடாதீர்கள். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதே கண்ணாடியிலும் படியும், பிறகு சுரண்ட முடியாது. பிடித்து வைத்த மழைநீர் நல்லது. இல்லையென்றால் விடியற்காலையில் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். வெயிலில் சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் கூடாது.

கார் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் வாங்கும் 40 கிலோவாட்-மணி லீஃபின் பற்றரியைக் குளிர்விக்க திரவ ஏற்பாடு கிடையாது, எங்கள் வெக்கையில் அது மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். வாங்க முதல் பற்றரி நலம் எத்தனை வீதம் என்று கருவி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 80 வீதம் என்றால் ஒரு சார்ஜில் 190 கிலோமீற்றர் அளவில் எதிர்பார்க்கலாம். தேய்ந்த பற்றரிக்காகப் பனல் கூட்டத் தேவையில்லை, ஓடும் தூரம் அதேதானே. கொழும்புக்கு 400 கிலோமீற்றர், அந்தப் பயணத்தின் பெரும்பகுதிக்கு வழியில் உள்ள சார்ஜ் நிலையங்களைத்தான் நம்ப வேண்டும். அதை வீட்டுச் சோலார்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தூரத்துக் கணக்கு, ஒற்றைக் கட்ட இணைப்பின் எல்லை, லைன் நின்றால் இன்வேட்டர் நிற்பது, இவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாதம் 115 யூனிட் என்பது உங்கள் கூரையில் பத்து வீதம் அங்குமிங்கும் போகலாம். கார் வந்த பிறகு நீங்கள் எவ்வளவு ஓடுவீர்கள் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெற்றோல் செலவு இல்லை என்றதும் ஓட்டம் கூடிய குடும்பங்களே அதிகம். அதற்காகத்தான் இன்வேட்டரை 5 கிலோவாட்டாக எடுத்து, இன்னும் இரண்டு மூன்று பனல் பின்னர் சேர்க்கக்கூடிய வகையாகத் தெரிவு செய்யச் சொல்கிறேன். அதற்கு மின்சார சபையின் அனுமதி வேண்டுமா என்பதையும் இப்போதே ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கூரையைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியாகாது. கடந்த பன்னிரண்டு மாதத்து கரண்ட் பில், காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் எடுத்த கூரைப் படம், விலைச்சீட்டில் எழுதியிருக்கும் பனல், இன்வேட்டர் மாதிரிகளின் பெயர், மீற்றருக்குப் பக்கத்தில் உள்ள பிரேக்கரின் அம்பியர், இவற்றைப் போடுங்கள். பனல்களை எப்படி வரிசை பிரிப்பது, அந்த இன்வேட்டர் பொருந்துமா என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.